மெக்சிகோவில் காலைச் சாப்பாடு எங்கே தேடுவது? (அம்மா சைவம், முட்டையும் கிடையாது)

நெல்லை நாடோடி | செப்டம்பர் 8, இரவு 10.15

வணக்கம் மக்களே. அக்டோபர் 24-லிருந்து நவம்பர் 3 வரை மெக்சிகோ போகிறோம். முதல் ஐந்து நாள் மெக்சிகோ சிட்டி, ரோமா பகுதியில் அறை. மீதி நாள் ஒஹாக்கா. நான், மனைவி, ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்திருக்கும் அம்மா.

மதியம், ராத்திரி பற்றிக் கவலை இல்லை. காலைச் சாப்பாட்டின் மேல்தான் எனக்குக் கண். சில வருஷம் முன்பு கன்கூன் போய் ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். ஐந்து நாளும் காலையில் டோஸ்ட், பான்கேக், பொட்டலத்தில் வெண்ணெய். திரும்பி வந்ததும் மாமா போனில், "மெக்சிகோவிலே என்னடா சாப்பிட்டே?" என்றார். கார்ன்ஃபிளேக்ஸ் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் மக்காச்சோளம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இந்தத் தடவை அந்த ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் வழியில் என்ன சாப்பிடுகிறார்களோ அது வேண்டும். எங்கே தேடுவது? ஒரே சிக்கல், அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். நாங்கள் இருவரும் எதையும் விடமாட்டோம்.

கெரேத்தாரோவாசி | செப்டம்பர் 9, காலை 7.02

ஆறு வருஷமாக இந்த நாட்டில் குப்பை கொட்டுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். "எங்கே" என்று கேட்காதீர்கள், "எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள். இங்கே காலைச் சாப்பாடு என்பது ஒரு வேளை இல்லை, இரண்டு வேளை.

விடிந்ததும் வயிற்றுக்கு ஆதாரமாகக் கொஞ்சம் சாப்பிடுவது தெசயூனோ. அப்புறம் பத்து, பதினொன்று வாக்கில் உட்கார்ந்து கட்டுவது அல்முவெர்சோ. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், பல வீடுகளில் மூன்று. அதனால்தான் நடுவில் இந்தப் பெரிய வேளை. எட்டு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடத் தேடினால் பாதிக் கடை திறந்திருக்காது. பத்தரைக்குத் தமால் தேடினால் பானை காலி.

காலை ஆறு முதல் ஒன்பது வரை மெட்ரோ வாசல், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், இந்த மூன்றையும் பாருங்கள். பெரிய அலுமினியப் பானை, மேலே துணி, பக்கத்தில் இன்னொரு பானை. முதல் பானையில் தமால், இரண்டாவதில் அதோலே. தமால் என்பது மக்காச்சோள மாவை நடுவில் கறியோ மிளகாயோ வைத்துச் சோளத் தோகையில் சுற்றி ஆவியில் அவிப்பது. நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். அதோலே சோள மாவைக் கரைத்துக் காய்ச்சும் கஞ்சி. வெனிலா, கொய்யா, ஸ்ட்ராபெரி என்று பல சுவை. சாக்லேட் சேர்த்தால் அதன் பெயர் சம்புர்ராதோ.

தலைநகரத்தார் இதோடு நிற்கமாட்டார்கள். தமாலைத் தோகை உரித்து ஒரு ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள், அதற்கு குவாஹொலோத்தா என்று பெயர். மாவுக்குள் மாவு. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு மதியம் வரை தாங்கும். ரொட்டியின் பெயர் பொலீயோ. முதல் தடவை கேட்டபோது எனக்குச் சொட்டு மருந்துதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்று, ராத்திரி தெருவில் ஒரு மூன்று சக்கர வண்டி ஒலிபெருக்கியில் "ஒஹாக்கா தமால், சூடான தமால்" என்று பதிவு செய்த குரலில் கூவிக்கொண்டு போகும். அதையும் விடாதீர்கள். ஆனால் அதை நம்பிக் காலையில் காத்திருக்காதீர்கள்.

மிளகாய்ப்பொடி | செப்டம்பர் 9, காலை 11.40

கெரேத்தாரோ அண்ணா தெருவைச் சொல்லிவிட்டார், நான் மேசைக்கு வருகிறேன். பத்து மணிக்கு மேல் ஃபோந்தா எதிலாவது நுழையுங்கள். ஃபோந்தா என்றால் நம்மூர் மெஸ். வாசலில் கரும்பலகையில் "பக்கேத்தே" என்று எழுதியிருக்கும். ஜூஸ் அல்லது பழம், காபி, முக்கியப் பதார்த்தம் ஒன்று, எல்லாம் சேர்த்து ஒரே விலை.

அந்த முக்கியப் பதார்த்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிலாகிலேஸ் சொல்லுங்கள். டோர்ட்டியா என்றால் மெல்லிய மக்காச்சோள ரொட்டி. முந்தின நாள் டோர்ட்டியாவை வெட்டிப் பொரித்து, சல்சா என்கிற மிளகாய்ச் சாறு கொதிக்கும்போது அதில் புரட்டி, மேலே புளித்த க்ரீம், வெள்ளைப் பாலாடைக்கட்டி, வெங்காயம். மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா பண்ணுகிறோமே, அதே புத்தி. "வெர்தே ஓ ரோஹோ" என்பார்கள், பச்சையா சிவப்பா என்று. பச்சையில் இருப்பது தக்காளிக்காய் இல்லை. தோல் உறைக்குள் இருக்கும் ஒரு காய், நம் வயல்வரப்பு சொடக்குத் தக்காளியின் பெரியண்ணன். தீர்மானிக்க முடியவில்லையா, "திவோர்சியாதோஸ்" என்று சொல்லுங்கள். விவாகரத்து ஆனவர்கள் என்று அர்த்தம், பாதித் தட்டு பச்சை, பாதி சிவப்பு.

வந்தவுடன் சாப்பிட வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் ஊறிப்போகும். ஊறினதுதான் பிடிக்கும் என்று ஒரு கட்சி உண்டு, அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கொந்தேசா பகுதியில் அல்ஃபோன்சோ ரெயேஸ், தமாவ்லிபாஸ் தெருக்கள் சந்திக்கும் முனையில் இதையே ரொட்டிக்குள் அடைத்து விற்கும் கடை பெயர்பெற்றது. வரிசை நிற்கும், ரோமாவிலிருந்து நடந்தே போகலாம். இனிப்புக்கு ஒரு நாள் நகர மையத்தில் எல் மோரோ. 1935-லிருந்து சுர்ரோ என்கிற பொரித்த மாவுக் குச்சியும் சாக்லேட்டும் கொடுக்கிறார்கள்.

சைவப்பூனை | செப்டம்பர் 9, மாலை 6.30

இரண்டு பேரும் அம்மாவை மறந்தே போனீர்கள். நாடோடி தம்பி, கவனமாகக் கேளுங்கள். தமால் மாவைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் அடித்துப் பிசைவார்கள். உள்ளே வெறும் மிளகாயும் சீஸும் இருந்தாலும், ரோஸ் நிற இனிப்புத் தமாலாக இருந்தாலும் மாவில் அது இருக்கலாம். மசித்த பீன்ஸிலும் அதே கதை. "யேவா மந்தேகா?" என்று கேளுங்கள். கொழுப்பு போட்டிருக்கிறதா என்று அர்த்தம். "சின் கார்னே", அதாவது கறி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் போல என்று நினைத்துக் கோழியை வைத்துவிடுவார்கள். ஹாம் என்பதைக் கறியாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் "சின் போயோ, சின் ஹமோன்", கோழி இல்லாமல், ஹாம் இல்லாமல் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சல்சாவிலும் சோற்றிலும் கோழிச் சாறு பொடி விழுவது சகஜம்.

ஒஹாக்காவில் இரண்டு பொறி உண்டு. மெமேலா என்று தடித்த அடை மாதிரி ஒன்று, பீன்ஸும் சீஸும்தானே என்று தோன்றும். அடியில் அசியெந்தோ தடவியிருப்பார்கள், பன்றிக் கொழுப்பு உருக்கின அடிக்கசடு. "சின் அசியெந்தோ" என்றால் தடவாமல் கொடுப்பார்கள். அடுத்தது, சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடும் பான் தே யேமா. யேமா என்றால் முட்டை மஞ்சள் கரு. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. நான் மூன்று நாள் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு அகராதியைப் பார்க்கத் தோன்றியது.

அடுப்படி உள்ள அறையாக எடுங்கள். பேசாமல் அம்மாவுக்கு வீட்டிலேயே ஏதாவது பண்ணிக்கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போகலாம்.

கெரேத்தாரோவாசி | செப்டம்பர் 9, இரவு 8.11

அக்கா சொன்ன கொழுப்பு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவ்வளவு தூரம் வந்து அம்மாவை அறைக்குள் உட்கார வைப்பதா? அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

த்லகோயோ என்று ஒன்று இருக்கிறது. நீலச் சோள மாவுக்குள் மசித்த பீன்ஸோ, ஆபா என்கிற பெரிய அவரைப்பருப்போ, ஒரு மாதிரி பால்கட்டியோ வைத்து, தறிநாடா வடிவில் தட்டி, எண்ணெய் இல்லாமல் கல்லில் சுடுவது. மேலே நோபால். நோபால் என்றால் சப்பாத்திக்கள்ளி மடல், முள் சீவி, நறுக்கி வேகவைத்தது. பெண்கள் சாக்கடைமூடி அகலத்துக்கு ஒரு தகரக் கல்லோடு சந்தை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நெய், கொழுப்பு எதுவும் படாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டுவிடுங்கள், ஆபா வைத்ததைக் கேட்பது இன்னும் நல்லது.

அப்புறம் டோர்ட்டியா கடை. தெருவுக்கு ஒன்று இருக்கும், கிலோ கணக்கில் சூடாக எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு, அவ்வளவுதான். இட்லிப் பொடி டப்பா ஒன்று கையில் இருந்தால் அம்மா ராஜாங்கம்.

பயந்தாங்கொள்ளி | செப்டம்பர் 10, காலை 9.25

தெருவில் சாப்பிடச் சொல்லிச் சுலபமாக எழுதிவிட்டீர்கள். நான் 2 நாள் படுக்கையில் கிடந்தவன். தண்ணீர், ஐஸ், பச்சைக் காய்கறி என்று எதை நம்புவது? அதுவும் வயதானவர்.

மிளகாய்ப்பொடி | செப்டம்பர் 10, காலை 9.50

எங்கே சாப்பிட்டுப் படுத்தீர்கள்?

பயந்தாங்கொள்ளி | செப்டம்பர் 10, காலை 10.05

தங்கின ஹோட்டல் பஃபேயில். வெட்டி வைத்த பழம். எப்போது வெட்டினார்களோ.

மிளகாய்ப்பொடி | செப்டம்பர் 10, காலை 10.07

அதைத்தான் கேட்டேன் :)

கெரேத்தாரோவாசி | செப்டம்பர் 10, மதியம் 1.30

கிண்டல் வேண்டாம், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை இங்கே உள்ளூர்க்காரர்களே குடிப்பதில்லை, 20 லிட்டர் கேன்தான். ஜூஸ் கடையில் முழு ஆரஞ்சை உங்கள் கண் முன்னால் பிழிகிறார்களா, தாராளமாகக் குடியுங்கள். நடுவில் ஓட்டை உள்ள ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, பயப்பட வேண்டாம். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவது நல்லது. தட்டின் மேல் பாலிதீன் பை மாட்டியிருப்பார்கள், ஒருவர் சாப்பிட்டதும் பையை மட்டும் உருவிவிட்டு அடுத்த பை மாட்டுவார்கள். சுற்றுச்சூழலுக்குக் கேடுதான், வயிற்றுக்கு நல்லது. வெயிலில் திறந்தே கிடக்கும் சல்சாவை நான் தொடமாட்டேன்.

மெக்சிகோ சிட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், நம் ஊட்டி மாதிரி. முதல் இரண்டு நாள் செரிமானம் மெதுவாக இருக்கும். வந்து இறங்கிய காலையிலேயே குவாஹொலோத்தாவோடு மோதாதீர்கள்.

ஞாயிறு விருந்து | செப்டம்பர் 12, இரவு 11.48

தாமதமாக வருகிறேன், ஆனால் யாரும் சொல்லாததைச் சொல்ல வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை மெக்சிகோவில் வேறு நாடு. பார்பக்கோவா! செம்மறியாட்டை மகேய் என்கிற ஆனைக்கற்றாழை மடலில் பொதிந்து, குழி வெட்டிக் கனலில் இரவு முழுக்க வேகவிடுவார்கள். காலையில் குழியைத் திறப்பார்கள். கறியிலிருந்து சொட்டின சாறு கீழே ஒரு பாத்திரத்தில் கொண்டைக்கடலையோடும் அரிசியோடும் சேர்ந்து ரசமாகியிருக்கும், அதுதான் கொன்சோமே. அதைக் குடிக்காமல் டாக்கோவுக்குப் போகிறவன் பாவி. இதற்குப் பெயர்போன ஊர் ஹிதால்கோ மாநிலத்தின் அக்தோபான். தலைநகரில் என்றால் ரோமாவிலேயே எல் ஹிதால்கென்சே இருக்கிறது, வார இறுதியை ஒட்டித்தான் திறப்பார்கள்.

9 மணிக்குள் போங்கள். 9. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது மெரிதா பக்கம் போனால் இதே ஞாயிற்றுக் காலை கொச்சினீத்தா. நாரத்தை மாதிரிப் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் அச்சியோத்தே என்கிற சிவப்பு விதை விழுதும் தடவி வாழையிலையில் சுட்ட பன்றிக்கறி. மதியத்துக்குமேல் தேடினால் கிடைப்பது கஷ்டம். அங்கே முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு பபத்ஸூலேஸ் உண்டு, பூசணி விதையை அரைத்த குழம்பில் தோய்த்த டோர்ட்டியாவுக்குள் அவித்த முட்டை. மாயாக்கள் காலத்துப் பதார்த்தம் என்பார்கள். ஆட்டுக்கறிக்கு அடுத்து எனக்கு அதுதான்.

டபரா செட் | செப்டம்பர் 13, காலை 5.20

காபி பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. ஒழுங்கான காபி கிடைக்குமா?

கெரேத்தாரோவாசி | செப்டம்பர் 13, காலை 7.15

கஃபே தே ஓயா என்று கேளுங்கள். மண்பானையில் பட்டையும் பீலோன்சீயோவும் போட்டுக் கொதிக்க வைத்த கறுப்புக் காபி. பீலோன்சீயோ கூம்பு வடிவ வெல்லம். நெல்லைக்காரருக்குக் கருப்பட்டிக் காபி ஞாபகம் வரும். பால் காபிதான் வேண்டும் என்றால் வெராக்ரூஸ் போக வேண்டும். அங்கே லா பரோக்கியாவில் கண்ணாடித் தம்ளரில் டிகாஷனை மட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். கரண்டியால் தம்ளரைத் தட்டினால் பால் கெண்டிக்காரர் வந்து உயரத்திலிருந்து ஊற்றுவார். கடை முழுக்க டிங் டிங்தான். மற்ற ஊர்களில் அலுமினிய உறையைக் கிழித்து இன்ஸ்டன்ட் தூளைக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு காபி விளைகிற நாட்டில் இந்தக் கொடுமை ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நெல்லை நாடோடி | நவம்பர் 9, இரவு 9.05

திரும்பி வந்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி, கணக்கு ஒப்படைக்கிறேன்.

முதலில் தோல்வி. ஞாயிறு விருந்து அண்ணன் 9 என்று இரண்டு முறை எழுதியிருந்தார். நாங்கள் சாவகாசமாகக் குளித்து, பதினொன்றரைக்குப் போனோம். வாசலில் ஏழெட்டுக் குடும்பம் வரிசை. உட்கார இடம் கிடைத்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. எனக்கும் மனைவிக்கும் நல்ல கறியெல்லாம் போய்விட்டு எலும்போடு ஒட்டினதுதான் வந்தது. கொன்சோமே மட்டும் நிறைய. அதுவே போதும் போல இருந்தது என்பது வேறு விஷயம்.

அம்மாவின் கதைதான் முக்கியம். முதல் இரண்டு நாள் சைவப்பூனை அக்கா சொன்னபடி அறையில் டோர்ட்டியாவும் பொடியும். நல்லெண்ணெய் கூடக் கொண்டுபோயிருந்தோம். மூன்றாம் நாள் அம்மாவே, "நான் என்ன ஜெயிலுக்கா வந்தேன்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். மெதெயின் சந்தைப் பக்கம் நடந்தோம். ஒரு தெருமுனையில் ஓர் அம்மாள், எங்கள் அம்மா வயதுதான் இருக்கும், சின்ன ஸ்டூல், முன்னால் அகலக் கல். ஈரத்துணிக்கு அடியில் நீல மாவு. கேட்டேன், "யேவா மந்தேகா?" அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று. எப்படித் தெரிந்ததோ.

ஓர் உருண்டை கிள்ளினார். பெருவிரலால் குழி பண்ணி, மஞ்சளாக மசித்த ஆபாவை ஒரு கரண்டி வைத்து மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மாற்றி மாற்றித் தட்டினார். பட் பட் பட் என்று ஒரே தாளம். அம்மா என் சட்டையைப் பிடித்து, "டேய், பூரணக் கொழுக்கட்டைக் கைடா இது" என்றார். கல்லில் போட்டு, கரண்டி இல்லாமல் விரல் நுனியாலேயே திருப்பினார். மேலே கள்ளி, வெங்காயம், கொத்தமல்லி. சீஸ் அம்மா வேண்டாம் என்றுவிட்டார், அதை உறைய வைக்க எதைச் சேர்க்கிறார்களோ என்று சந்தேகம்.

முதல் வாய் எடுத்துவிட்டு அம்மா பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மாள் டப்பாவையே பார்த்தார். அம்மா கொஞ்சம் அவர் கையில் போட்டார். நக்கிப் பார்த்து, "ஆ, சீலே!" என்று சிரித்து, தன் பச்சைச் சல்சாவைக் காட்டி அதில் கலக்கலாமா என்று சைகை. கலந்தார்கள். ஒரு மொழியும் தெரியாமல் இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று தின்றேன், அம்மா இரண்டு. அடுத்த நாளும் அங்கேயே.

ஒஹாக்காவில் 20 தே நொவியெம்ப்ரே சந்தையில் சாக்லேட். பாலில் வேண்டாம், தண்ணீரில் கேட்டோம். மொலினீயோ என்ற மர மத்தால் கடைந்து நுரையோடு கிண்ணத்தில் தருகிறார்கள். மத்தைப் பார்த்ததும் அம்மா அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார், இப்போது எங்கள் வீட்டில் அதில் மோர் கடைகிறோம். நவம்பர் 1, 2 அங்கே முன்னோர் நாள். பான் தே முவெர்த்தோ என்று சின்ன முகம் பதித்த ரொட்டி சந்தை முழுக்க. முட்டை உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதால் அம்மா சாப்பிடவில்லை. தங்கின வீட்டுக்காரர்கள் வீட்டில் படம், பூ, ரொட்டி, சாக்லேட், தமால் எல்லாம் வைத்திருந்தார்கள். அம்மா பார்த்துவிட்டு, "படையல்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அன்று காலை குளிக்காமல் எதுவும் வாயில் வைக்கவில்லை.

சிலாகிலேஸ் ஊறினால்தான் ருசி. மிளகாய்ப்பொடி அக்கா மன்னிக்கவும்.

மிளகாய்ப்பொடி | நவம்பர் 9, இரவு 9.31

இந்த ஆளை இழையிலிருந்து நீக்குங்கள்.

ஞாயிறு விருந்து | நவம்பர் 9, இரவு 11.10

9 என்று எண்ணால்தானே எழுதினேன்? எழுத்தால் எழுதியிருக்க வேண்டுமோ?

பயந்தாங்கொள்ளி | நவம்பர் 10, காலை 8.44

ஜனவரியில் நானும் என் அம்மாவும் போகிறோம். அந்த த்லகோயோ கடையின் பெயர், முகவரி கிடைக்குமா? மேப்பில் தேடினால் எதுவும் வரவில்லை.

நெல்லை நாடோடி | நவம்பர் 10, இரவு 7.58

கடைக்குப் பெயர் கிடையாது சார். பலகையும் இல்லை. சந்தைக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள், நீலப் பிளாஸ்டிக் வாளி கவிழ்த்துப் போட்டு அதன்மேல் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் போன இரண்டு நாளும் ஒன்பதரைக்கு உட்கார்ந்திருந்தார், பன்னிரண்டுக்கு மாவு தீர்ந்துவிட்டது. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், 500 பேசோ நோட்டை நீட்டினால் அந்த அம்மாள் பக்கத்துப் பூக்கடைக்கு எழுந்து போக வேண்டியிருக்கும், அதற்குள் கல்லில் இருப்பது கருகிவிடும்.